சனிக்கிழமைச் சத்தம்

"இப்ப வருதா சார்?"

"வரலை."

"இப்ப?"

"இல்லை."

மெக்கானிக் பானெட்டுக்குள் இடுப்புவரை இறங்கி, ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து இழுத்து விட்டார். எஞ்சின் உறுமியது, அடங்கியது, மறுபடியும் உறுமியது. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆறு வாரமாக வீட்டில் நிம்மதியைக் கெடுத்த வண்டி, பட்டறைக்கு வந்ததும் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

மெக்கானிக் நிமிர்ந்து கையைத் துணியில் துடைத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. நல்லா இருக்கிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திட்டு நோய்னு சொன்னா நான் எதுக்கு மருந்து குடுக்கிறது?"

வண்டியைக் கொண்டுவந்தவருக்கு இந்த வசனம் புதிதில்லை. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் இதைப் பிறருக்குச் சொல்லிவந்தார். 'எங்க ஆள் வந்து பார்த்தப்போ தண்ணி வந்துச்சாமே அம்மா' என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்! அலுவலகத்தில் அவர் சொந்தப் பெயரே மறந்துபோய் எல்லோரும் 'புகார் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது புகார் சாரே புகார் கொடுக்கும் இடத்தில் நின்றார். செய்த வினை எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார்.

"முன்பக்கம், கீழேயிருந்து வருது. டொக். அப்புறம் ஒண்ணும் இருக்காது. நாம மறந்திருப்போம். திடீர்னு டொக் டொக்."

"எப்பல்லாம் வருது?"

"சனிக்கிழமை."

மெக்கானிக் துணியைக் கீழே வைத்தார். "சனிக்கிழமையா?"

"சனிக்கிழமைதான் குடும்பத்தோட போறோம். மத்த நாள் நான் மட்டும் ஆபீஸுக்குப் போய் வரேன். அப்ப வர்றதில்லை."

"அப்ப லோடுதான் சார். ஆள் ஏறினா வருது, இறங்கினா போயிடுது. சரி, சத்தம் வர்ற நேரத்துல நீங்க என்ன பண்றீங்க?"

புகார் சார் சொல்லத் தயங்கினார். யோசித்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனாலும் சொன்னார்.

"நான் பிரேக் போடறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி வருது."

"போட்ட பிறகா?"

"முன்னாடி."

மெக்கானிக் பானெட்டை மெல்ல மூடினார். "நீங்க பிரேக் போடப் போறீங்கன்னு வண்டிக்கு முன்கூட்டியே தெரியுதுன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லலை…"

"வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே சார்?"

சௌக்கியம் என்று சொல்வதற்கில்லை. வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, மாமனார். மாமனார் முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மழைக்காலம் முடிந்த கையோடு பள்ளியை மூடிவிட்டு, மூன்று பெட்டிகளோடும் வலது முழங்கால் வலியோடும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த முழங்காலைக் காட்டத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரின் மறுகோடியில் இருந்த டாக்டரிடம் போவார்கள். மாஸ்டர் முன் இருக்கையில். மருத்துவச் சீட்டுகள் அடைத்த பெரிய தோல்பை அவர் மடியில். மனைவி பின்னால்.

மாமனார் என்றால் தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மனுஷன் தங்கம். முக்கியமாக, மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். முப்பது வருடம் 'கிளட்ச்சை விடு, பிரேக்கை மிதி' என்று கத்திய வாயை இறுக்க மூடிக்கொண்டு, சாலையையே பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருப்பார். இதற்காக அவர்மேல் புகார் சாருக்குத் தனி மரியாதை உண்டு.

சத்தத்தை முதலில் கேட்டது மனைவிதான்.

"என்னங்க, எஞ்சின்ல என்னமோ இடிக்குது."

"ஒண்ணும் இல்லை, ரோடு சரியில்லை."

"ரோடா டொக்குங்கும்? நீங்க எதைத்தான் கவனிச்சிருக்கீங்க? அப்பா, உங்களுக்குக் கேட்டுதா?"

மாஸ்டருக்குக் காது மந்தம். முப்பது வருட ஹாரன் சத்தம் வாங்கிய காது. கேட்கவில்லை என்று தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா காலுல தெரியுதும்மா" என்றார். "காலுக்குக் கீழே லேசா அதிருது. வண்டியைக் காலால படிச்சவன் நான். எஞ்சின்தான்."

அதற்குமேல் அப்பீல் ஏது? மாஸ்டரின் கால் சொன்னால் சொன்னதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "என் அப்பாவை முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு வெடிக்கப்போற வண்டியை ஓட்டாதீங்க. சத்தம் போகணும். இல்லைன்னா வண்டி போகணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அலுவலகம் விட்டதும் புகார் சார் நேரே வீட்டுக்கு வருவதில்லை. பாதி வழியில், வாரியத்தின் பழைய மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருக்கையைக் கொஞ்சம் சாய்த்து, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். பாட்டு கிடையாது, போன் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை ஊரின் வறண்ட குழாய்கள் எல்லாம் அவர் காதில்தான் அழும். வீட்டுக்குப் போனால் வீட்டுக் கதை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவருடையது. அந்த வண்டி போனால் அதுவும் போச்சு. இதை மனைவியிடம் சொன்னால், 'என்கூட இருக்கப் பிடிக்காமதானே?' என்பாள். அப்படியும் இல்லை. அசதி, அவ்வளவுதான்.

ஆகவே வண்டியைக் காப்பாற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தார். கேடு அங்கேதான் ஆரம்பமானது.

மெக்கானிக் முதலில் மூன்று மணல் மூட்டைகளை ஏற்றினார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஊரை மூன்று முறை சுற்றினார்கள். மூட்டைகள் பெல்ட் போட்டுக்கொண்டு சமத்தாக வந்தன. ஒரு முனகல்கூட இல்லை.

"லோடு இல்லையோ?" என்றார் புகார் சார்.

"லோடுதான். மூட்டை அசையாது சார், மனுஷன் அசைவான். வீட்ல இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற நிலை மாறட்டும் என்று, அடுத்த சனிக்கிழமை குடும்பத்தையே பட்டறைக்குக் கொண்டுவந்தார். மெக்கானிக் ஓட்ட, மாஸ்டர் வழக்கம்போல் முன்னால் பையோடு, கணவனும் மனைவியும் பின்னால். மெக்கானிக்குகள் வண்டியைச் சரிசெய்யப் பிறந்தவர்கள். ஓட்டப் பிறந்தவர்கள் அல்ல. எதிரே வந்த லாரிக்கும் ஓரமாகப் போன சைக்கிளுக்கும் நடுவில் இல்லாத சந்தில் அவர் வண்டியைச் செருகினார்.

டொக் டொக் டொக் டொக்!

"கேட்டுச்சு!" மெக்கானிக் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்.

டொக்!

"கையை அங்கே வைங்க!" என்று மனைவி அலறினாள்.

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. வண்டியின் நிலைமைக்கு அவர் எவ்வளவு வருத்தப்படுகிறார் என்று புகார் சாருக்கே பாவமாக இருந்தது.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் கண்டுபிடித்தார். மாற்றினார். புது ரப்பர் வந்ததும் அதுவரை இல்லாத ஒரு நடுக்கம் வந்தது. ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறியது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் எல்லா வண்டியும் இரண்டாகத் தெரிந்தது. சத்தமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

"அடியில மிதியடி மேட் போட்டு, அதுக்குக் கீழே கம்பளியைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க சார். இதுல சத்தம் எங்கேருந்து வருதுன்னு எப்படிப் பிடிக்கிறது?" என்று முன்பக்கத்துத் தரைவிரிப்பை எல்லாம் மெக்கானிக் உரித்தெடுத்தார். மாஸ்டரின் காலடியில் வெறும் தகரம் மின்னியது.

அந்தச் சனிக்கிழமை சத்தம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டது.

"பார்த்தீங்களா, மறைஞ்சிருந்த நோய் வெளியே வருது" என்று மெக்கானிக் போனில் உற்சாகமாகச் சொன்னார்.

நோய் வெளியே வந்தது வண்டிக்கு மட்டும் இல்லை. முழங்கால் டாக்டர் மாஸ்டரின் காலை மடக்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"போன தடவையைவிட வீங்கியிருக்கே. மாடிப்படி ஏறறீங்களா?"

"இல்லை டாக்டர்."

"நடக்கிறீங்களா?"

"எங்கே நடக்கிறது? வாரத்துக்கு ஒரு நாள் கார்ல உங்ககிட்ட வர்றேன். மத்த நேரம் நாற்காலிதான்."

"அப்ப உங்க செருப்புதான் சரியில்லை. கனமான அடிப்பாகம் இருக்கிற ஷூ போடுங்க. பாதத்தை அசையாமப் பிடிச்சுக்கும்."

மனைவி அன்றைக்கே வாங்கினாள். அப்பாவுக்கு என்றால் அவளுக்கு நாளை என்ற நாளே கிடையாது. செங்கல் கனத்தில் கறுப்பு ஷூ. மாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு காரில் ஏறியபோது ஒரு ராணுவ அதிகாரியின் களை வந்துவிட்டது.

முதல் சிக்னலிலேயே சத்தம் மாறியது. இனி டொக் இல்லை. டங்.

"என்னங்க, இப்ப இரும்பே இடிக்குது!"

"கேட்குதும்மா" என்றார் புகார் சார்.

"அப்பா, காலுல எப்படி இருக்கு?"

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கு" என்றார் மாஸ்டர் கவலையோடு. "மாப்பிள்ளை, நான் உங்க ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா இந்த எஞ்சின் தாங்காது."

மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "டொக் போய் டங் வந்துடுச்சுன்னா முத்திடுச்சு சார். கடைசியா ஒரு வழி இருக்கு. உள்ளே கரி அடைச்சிருக்கும். ரோட்ல இறக்கி நல்லா விரட்டி ஓட்டுங்க. எரிஞ்சு போயிடும். பிரேக்கை மட்டும் கடைசி நிமிஷத்துல தொடுங்க."

வாழ்க்கையில் ஒருபோதும் விரட்டி ஓட்டாத மனிதர் புகார் சார். ஆனால் ஆசை யாரை விட்டது? அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துக்கொண்டார், பல்லைக் கடித்தார், மிதித்தார். வண்டி உதறிக்கொண்டே பறந்தது. முன்னால் பேருந்து நின்றது. டங். நாய் ஓடியது. டங் டங். வளைவு வந்தது. டங் டங் டங் டங் என்று பட்டறைச் சம்மட்டி மாதிரி இடைவிடாமல் அடித்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாள். சத்தம் கூடக் கூட, கரி எரிகிறது என்று நம்பி அவர் இன்னும் விரட்டினார்.

டாக்டர் வாசலில் வண்டி நின்றபோது மாஸ்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

"பார்த்தீங்களா? அதிர்ச்சியிலேயே அப்பாவுக்குக் கால் விழுந்துடுச்சு" என்று மனைவி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். கோபமாகப் பேசியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அழுகிறவளிடம் என்ன வாதாடுவது?

"சரிம்மா. வித்துடலாம்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் சொன்ன எத்தனையோ கஷ்டத்துக்கு அசராத மனிதர் அவர்.

சத்தம் போடும் வண்டியை யார் வாங்குவார்கள்? மெக்கானிக்கே வாங்கிக்கொண்டார். "பாகம் பாகமாவாவது பிரிச்சுக்கறேன் சார். நீங்க மனசைத் தேத்திக்குங்க" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வெள்ளிக்கிழமை மாலை, சாவியைக் கொடுப்பதற்கு முன் புகார் சார் கடைசியாக ஒருமுறை தொட்டிக்குப் பின்னால் போய் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றினார். எஞ்சினை அணைக்காமலே காதைக் கொடுத்தார். சீரான மெல்லிய ஓசை. 'சனிக்கிழமை மட்டும் உனக்கு என்ன வந்துச்சு?' என்று ஸ்டியரிங்கைத் தடவிக் கேட்டார். பத்து நிமிடம் என்பது அன்றைக்கு அரைமணி ஆனது.

சனிக்கிழமை காலையில் வாசலில் உள்விரிப்பு தேய்ந்துபோன பழைய வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும், அமைதியான முகம். மாஸ்டரைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி வந்து, முன்கதவைத் திறந்துவிட்டு, "வணக்கம் மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார். "என்கிட்ட கத்துக்கிட்டவனா?"

"ஆமாங்க மாஸ்டர். பதினெட்டு வருஷம் ஆச்சு."

"முகம் ஞாபகம் இல்லைப்பா. எத்தனையோ பேர் வந்து போனாங்க. ஓட்டு, பார்க்கலாம்."

புகார் சார் மனைவியோடு பின்னால் உட்கார்ந்தார். ஓட்ட வேண்டாம், மிதிக்க வேண்டாம், காது கொடுக்க வேண்டாம். இதுவும் ஒரு நிம்மதிதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் போன் செய்தார்.

"சார், ஒரு விஷயம். வண்டியைப் பிரிக்கலை. பழைய ரப்பரையே திருப்பிப் போட்டேன், நடுக்கம் போச்சு. அந்தச் சத்தம் இருக்கே, அதுவும் சுத்தமா வரலை. என் மச்சான் குடும்பம் ஆறு பேரை ஏத்திக்கிட்டு ஊர் பூரா சுத்தினேன், பூனை மாதிரி போகுது. என் கைராசி சார்!"

"சந்தோஷம்" என்று சொல்லி அவர் போனை அணைத்தார்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"யாரும் இல்லை."

வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. டிரைவர் அளவாக ஓட்டினார். மனைவி நெடுநாளைக்குப் பிறகு இருக்கையில் சாய்ந்து, "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. அப்பவே வித்திருக்கலாம்" என்றாள். அவர் ஜன்னல் வழியே பார்த்தார்.

அப்போது ஒரு சந்திலிருந்து தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தார்.

டங்.

மனைவி நிமிர்ந்தாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

டங் டங்.

"என்னங்க…" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இந்த வண்டியிலயும் வருதே!"

புகார் சார் இருக்கையின் நுனிக்கு வந்தார். மாஸ்டர் மட்டும் மடியில் பையை அணைத்தபடி, சாலையைவிட்டுப் பார்வையை எடுக்காமல், "காலுல தெரியுது. இதுவும் எஞ்சின்தான்" என்றார்.

டிரைவர் வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். பானெட்டைத் திறக்கப் போகிறார் என்று புகார் சார் நினைத்தார். அவர் இறங்கவில்லை. குனிந்து, பைக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு வருடத்து மரியாதை குறையாத குரலில் சொன்னார்:

"காலை எடுத்துக்குங்க மாஸ்டர். அந்தப் பக்கமும் பிரேக் இருக்கிறது நம்ம ஸ்கூல் வண்டியில மட்டும்தான்."